முன்னிலை ஒருமை

எங்கள் லாட்ஜில் முப்பத்தொரு அறை.
பெயர்ப்பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்.
கீழே, பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே நாலு நிமிடம் என்று
பத்து நிமிடத்தைச் சுருக்கி எழுதிய பொய்.
அந்தப் பொய்க்குப் பெயின்ட் வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை நான் வேறு ஆள்.
சபைச் செயலாளர், வெள்ளைச் சட்டை,
சந்தா பாக்கிப் பட்டியலைப் பலகையில் ஒட்டுகிறவன்.
பொது ஜெபம் என்றால் ஆயர் என் பக்கம்தான் திரும்புவார்.
"மகா பரிசுத்தமுள்ள பரம பிதாவே, தேவரீர்..."
அங்கே ஏறிவிட்டால் வண்டி தானாக ஓடும்.
காட்பாடியில் ஏறி, தூங்கி, அரக்கோணத்தில் விழிப்பது மாதிரி
ஆமெனில் விழிப்பேன்.

தம்பி ஏனோக்கை இரண்டாம் அலையில்
பிளாஸ்டிக் சுற்றிக் கொடுத்தார்கள்.
குழிக்கு இருபதடி தள்ளி நின்று
அவர் சித்தம் என்றேன்.
செயலாளர் வேறென்ன சொல்ல முடியும்.
வீட்டுக்கு வந்து குளித்தேன்.
அந்த மாதக் கணக்கை முடித்தேன், ஒரு ரூபாய் இடிக்கவில்லை.

பதினான்காம் அறைக்கு ஃபூல்மோனி வந்தது போன மே மாதம்.
பகலெல்லாம் சுட்ட பாறையை
மலை ராத்திரியில் ஊர்மேல் ஊதும் மாதம்.
தும்காவிலிருந்து மூன்று ரயில் மாறி
பம்ப் ஸ்டவ், அரிசி மூட்டை, சிறுநீரகம் போன கணவன்.
பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது
கறுப்புக் கயிற்றில் சிலுவை ஆடியது.
நான் சிரித்தேன். வாடகை குறைக்கவில்லை.

ஒரு ராத்திரி, டேங்கில் எவ்வளவு என்று பார்க்க மாடிக்குப் போனேன்.
மாநகராட்சித் தண்ணீர் வந்து ஆறு நாள்.
காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவில்
யாரோ யாரையோ திட்டும் சத்தம்.
ஃபோன் என்று நினைத்தேன்.
கையில் ஃபோன் இல்லை.
கோட்டைப் பக்கத்து வானத்தைப் பார்த்து
விரல் நீட்டி, நிறுத்தி, மூக்கைச் சிந்தி,
விட்ட இடத்தில் மறுபடி பிடித்தாள்.
ஜிசு என்பது மட்டும் புரிந்தது.
மற்றதெல்லாம்
எடையில் ஏமாந்தவள் மீன்காரனிடம் பேசும் குரல்,
புருஷனின் அண்ணனிடம் பங்கு கேட்கும் குரல்.
எதிரில் ஆள் இல்லாவிட்டால்
அப்படிப் பேச முடியாது.

சத்தம் வரக்கூடாதென்று
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
படி இறங்கினேன்.

மறுநாள் மோட்டார் போட்டுவிட்டு
அதே இடத்தில் நான் நின்றேன்.
தேவரீர் என்றேன். காற்று நகரவில்லை.
நீர் என்றேன். டேங்கைச் சொன்னது போலிருந்தது.
நீ
என்று நாக்கு தொட்டதும் வாய் கூசியது,
முப்பது வருஷம் கல்யாணப் பந்தியில் மட்டும் பார்த்தவனை
ஒருமையில் கூப்பிட்டது போல.

எங்க இருந்த நீ அன்னிக்கி?
அவன் மூச்சுக்குத் தவிக்கசொல்ல
நீ எங்கடா இருந்த?

பதில் இல்லை.
ஆனால் கேள்வி எங்கேயும் மோதித்
திரும்பி வரவில்லை.
யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி.
தண்ணீர் வழிந்து கால் நனைந்த பிறகுதான்
மோட்டார் ஞாபகம் வந்தது.
ஒரு வாளி வழிந்தால் ரூம்பாயை நிற்க வைத்துக் கத்துகிற நான்
இன்னும் கொஞ்சம் நின்றேன்.
இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

ஃபூல்மோனி ஜூலையில் ஊருக்குப் போனாள்.
கணவனும் போனான், நடந்துதான், பாதியாக இளைத்து.
இது சாட்சி இல்லை.
கடைசி வாரம் அவள் மாடியில் சண்டை போட்டது
முன்னைவிட அதிகம்.

போன ஞாயிறு ஆயர் என் பக்கம் திரும்பினார்.
எழுந்தேன். வாய் திறந்தேன்.
"மகா" வரைக்கும் வந்தது.
முந்தின ராத்திரி பேச்சு பாதியில் நின்றிருந்தது,
அதை இத்தனை பேர் முன்னால் எப்படித் தொடர்வது?
மின்விசிறிகள் சுற்றின.
ஒரு குழந்தை பெஞ்சைத் தட்டியது.

மைக் போச்சு என்று
பொருளாளர் கிருபாகரன் எழுந்துபோய்
வயரை ஆட்டிப் பார்த்தார்.